மாமனார் கட்டிய படகு

பல் டாக்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார். ஆனால் பதில் பேச முடியாது. பல வருடங்களாக இந்த வசதியை அனுபவித்துப் பழகியதில், தான் சொல்வதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்கிறது என்ற எண்ணம் நம் டாக்டருக்கு ஊறிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால்தான் சிக்கல். அங்கே எல்லோருக்கும் வாய் நன்றாக வேலை செய்தது.

படகு ஆசை வந்ததும் கிளினிக்கில்தான். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பழைய பத்திரிகைகள் கிடக்கும். பல்வலிக்காரன் எவனும் பத்திரிகை படிக்க மாட்டான். ஒரு மழை நாளில் ஈ காக்காய் கூட வராததால் டாக்டரே ஒன்றை எடுத்துப் புரட்டினார். நடுப்பக்கத்தில் ஒரு மோட்டார் படகு. அந்தக் காலத்து மஹோகனிப் பலகையில் செய்தது. தேன் நிறத்தில் முகம் பார்க்கலாம் போன்ற மேல்தளம், மூக்கில் பித்தளைப் பட்டை, சிவப்புத் தோல் இருக்கை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பல் இரண்டும் தூக்கல். இவனுக்கே இப்படி ஒரு படகு என்றால் நமக்கு என்ன குறைச்சல் என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த நாளே, கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொள்ள வந்த வங்கி மேலாளரிடம் தான் வீட்டிலேயே ஒரு மரப் படகு கட்டப்போவதாகச் சொன்னார். மேலாளர் "ஆ" என்றார். டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அதன்பின் சொத்தைப் பல்லுக்கு வந்தவர், பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மாதம் முடிவதற்குள் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம், "படகு எந்த மட்டுல இருக்கு டாக்டர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். படகு அப்போது பத்திரிகையின் நடுப்பக்கத்தில்தான் இருந்தது. இனிமேல் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

டாக்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடாமல் ரொம்ப நாளாக இளித்துக்கொண்டிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்து காட்டுங்கள், அப்புறம் படகைப் பார்க்கலாம் என்றாள். மறுவாரம் அவளுடைய கார் ஷெட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு வெயிலில் நின்றது. ஷெட்டுக்குள் மஹோகனிப் பலகைகள் வந்து இறங்கின. அலமாரிக் கதவு இளித்தபடியே இருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். டாக்டர் வாய்ச்சொல் வீரர் மட்டும் இல்லை, உழைக்கவும் செய்தார். சின்ன வேலைகளில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு பித்தளை ஸ்க்ரூவையும் பலகைக்குள் பதித்து, மேலே தெரியும் குழியை மரத் தக்கையால் அடைத்து, தக்கையின் ரேகை பலகையின் ரேகையோடு சேர்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்து இழைப்பார். அது அவருக்குப் பல் அடைப்பதைப் போலத்தான். படகின் விலா எலும்பு போன்ற சட்டங்களுக்குப் பின்னால் எட்டாத இடங்களைப் பார்க்க, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தார். அங்கே உதவிக்கு இருந்த நர்ஸ் அதைத் தேடித் தேடி அலுத்துப்போனாள். ஆனால் நீள வேலை வந்தால் டாக்டர் தடுமாறினார். அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த மிகப் பெரிய இடம் ஒரு மனிதனின் வாய். நெட்டுக்கு ஓடும் நேர்கோடு என்பது அவருக்குப் புது அனுபவம்.

பலகையை வளைப்பதுதான் பெரும்பாடு. நீளமான பெட்டிக்குள் பலகையை வைத்து, கொதிக்கும் அண்டாவிலிருந்து குழாய் வழியாக ஆவியை உள்ளே விட வேண்டும். வெந்த பலகை ஆறுவதற்குள் வெளியே இழுத்து, சட்டத்தோடு வளைத்துப் பிடித்து, கிளாம்ப் போட வேண்டும். மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியை அவ்வப்போது கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். முதல் பலகை படாரென்று ஒடிந்தது. இரண்டாவது ஒடியவில்லை, ஆனால் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. மூன்றாவது படிந்தபோது இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது. மனைவிகூட அதை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

இந்தக் கட்டத்தில்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தவர். தான் எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை. தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் தங்க வந்தார். சுண்ணாம்பு அடித்து முடித்து, காய்ந்து, அங்கங்கே உதிரவும் ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் வாடை இன்னும் போகவில்லை என்று இவர் இங்கேயே இருந்தார். பொழுது போகவில்லை என்று ஒரு சாய்வு நாற்காலியை எடுத்து ஷெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்து கால் நீட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாப்பிள்ளை, இடது பக்கம் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது."

டாக்டருக்குச் சுருக்கென்றது. சும்மா உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, ரசமட்டத்தை எடுத்துக் குறுக்கே வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. மாமனார் சொன்னது தப்பாக இருந்திருந்தால் டாக்டர் பொறுத்துக்கொண்டிருப்பார். சரியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. போட்ட பலகைகளைக் கழற்றி, சட்டங்களை மறுபடி நிறுத்தினார். அன்றிலிருந்து மாமனாரின் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போயிற்று.

படகு கட்டுவது பற்றி டாக்டர் வரவழைத்திருந்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதை மாமனார் மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். வாசித்துவிட்டு, "இதைத்தான் நான் நேத்தே சொன்னேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் புத்தகம் நெஞ்சில் விழும், குறட்டை கிளம்பும். டாக்டர் குனிந்து நிமிர்ந்து இழைத்துக்கொண்டிருப்பார். முதல் வாரத்தில் மாமனார் அதை "உங்க படகு" என்றார். பலகைகள் ஏறியதும் "நம்ம படகு" ஆயிற்று. வார்னிஷ் பூசத் தொடங்கியபோது, மாலை வேளைகளில் அவருடைய ஓய்வு பெற்ற நண்பர்கள் ஷெட்டுக்குப் படகு பார்க்க வந்தார்கள். ஒரு நாள் டாக்டர் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். வார்னிஷ் சொட்டு ஒன்று தலைமுடியில் விழுந்தது. மேலே மாமனாரின் குரல் கேட்டது. படகின் மூக்கைத் தடவிக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த வளைவைக் கொண்டுவரத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்."

டாக்டர் எழுந்து வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தலையில் வார்னிஷும் முகத்தில் மரத்தூளுமாக வெளியே வந்தால், கூலிக்கு வந்த ஆள் மாதிரி இருக்கும். அப்படியே படுத்துக் கிடந்தார்.

ஒரு பழைய கார் எஞ்சின் உள்ளே இறங்கியது. பித்தளைப் பட்டை மூக்கில் ஏறியது. சிவப்பு இருக்கையும் வந்துவிட்டது. ஒரு பிற்பகல், தூங்கிக்கொண்டிருந்த மாமனாரின் நெஞ்சிலிருந்து டாக்டர் புத்தகத்தை உருவிக் கடைசிப் பகுதியைப் படித்தார். அதில் ஒரு முக்கியமான சேதி இருந்தது. இப்படிப் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய படகு, காய்ந்த நிலையில் தண்ணீரில் இறங்கினால் ஒழுகும். மரம் நீரைக் குடித்து உப்பினால்தான் இடைவெளிகள் அடைபடும். அதனால் சில நாட்கள் ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு ஊறவிட வேண்டும். அதுவரை யாரும் ஏறக் கூடாது. டாக்டர் புத்தகத்தை மறுபடி மாமனாரின் நெஞ்சில் வைத்தார். யாருக்கும் தெரியாமல் முதலில் ஊறப் போட்டுவிடலாம் என்பது அவர் திட்டம்.

ஆனால் மாமனார் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊரைக் கூட்டிவிட்டார். நண்பர்கள், நண்பர்களின் குடும்பங்கள், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர்ப் பெண். ஊருக்கு வெளியே இருந்த ஏரியின் படகுத்துறையில் ஒரே கூட்டம். வங்கி மேலாளர்கூட வந்திருந்தார். மாமனார் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ சகிதம் நின்றார். கட்டியது யார் என்று நிருபர் கேட்டாள்.

"யோசனை, மேற்பார்வை எல்லாம் நான்தாம்மா" என்றார் மாமனார். "மாப்பிள்ளை கூடமாட ஒத்தாசை."

நிருபர் டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஸ்க்ரூ எல்லாம் எடுத்துக் கொடுத்தீங்களா சார்?"

காய்ந்த படகு ஒழுகும் என்று சொல்ல டாக்டர் அதுவரை சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கேள்வியோடு அந்த எண்ணம் போய்விட்டது. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மாமனாரின் கையைப் பிடித்தார்.

"மாமா, நீங்களே முதல்ல ஏறி உட்காருங்க. உங்க படகு."

மாமனார் ஏறி, சிவப்பு இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். படகு இழுவை வண்டியிலிருந்து சறுக்கித் தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் கரையில் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். பலகை இடுக்குகளிலிருந்து தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு தாரை தாரையாக வந்தது. வெள்ளை ஷூ நனைந்தது. கணுக்கால் மறைந்தது. கைதட்டல் ஓய்ந்து, யாரோ ஒரு பெண்மணி 'ஐயோ' என்றாள். மாமனார் குனிந்து கீழே பார்த்தார். இதோ இப்போது அலறப்போகிறார் என்று டாக்டர் எதிர்பார்த்தார்.

மாமனார் நிமிர்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"பயப்படாதீங்க. மரம் தண்ணி குடிக்குது" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நல்ல மரம்னா இப்படித்தான். வயிறு ரொம்பினதும் தானா நிறுத்திக்கும். இது தெரியாதவங்கதான் ஓட்டைன்னு சொல்லுவாங்க."

தண்ணீர் முழங்காலைத் தொடும்வரை அவர் விளக்கிக்கொண்டே இருந்தார். தூங்கி எழுந்ததும் அந்தப் பகுதியை அவரும் படித்திருக்கிறார் என்பது டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீரில் கால் நனையும்வரை அது மாமனாரின் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். படகு இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். அது மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. நான்கு பேர் இறங்கி மாமனாரைத் தூக்கிவந்தார்கள். மறுபடி கைதட்டல். இந்தத் தடவை முன்னைவிட அதிகம்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஓட்டியது மனைவி. பின்சீட்டில் மாமனார் ஈரக் காலோடு தூங்கிவிட்டார்.

"உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடியே.

"எது?"

"தண்ணி வரும்னு. தெரிஞ்சேதானே ஏத்துனீங்க?"

இடுப்பளவு ஆழம்தானே என்று டாக்டர் முனகினார்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுதான்னும் அவருக்குத் தெரியாது."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க இருந்தது. மறுநாள் பத்திரிகை வந்ததும் போய்விட்டது. தன் படகில், முழங்கால் தண்ணீரில், கலங்காமல் உட்கார்ந்திருக்கும் முதியவர் என்று பெரிய படம் போட்டிருந்தார்கள். அதில் டாக்டரும் இருந்தார். ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருந்த கை அவருடையது.

தண்ணீரை இறைத்து, எஞ்சினைத் துடைத்துக் காயவைத்தபின் சில நாட்கள் படகு கரையோரத்தில் ஊறியது. உள்ளே வரும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு சின்னப் பம்ப், படகின் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் சொன்னபடியே, அதாவது புத்தகம் சொன்னபடியே, மரம் உப்பி இடைவெளிகள் அடைபட்டன. ஒரு விடுமுறை நாள் காலையில் டாக்டர் மனைவியையும் மாமனாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. பேட்டரியிலும் உயிர் இல்லை. மனைவியின் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினார். அது உறுமியதுதான் தாமதம், மாமனார் முன்னிருக்கையில் ஏறிவிட்டார்.

ஏரியின் நடுப்பகுதிக்கு வந்ததும் டாக்டர் வேகம் கூட்டினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் எழுந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளைத் துணி கிழிவதைப் போலப் பிரிந்து போயிற்று. வெயில் மேல்தளத்தில் பட்டு, பலகையின் ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. எந்தத் தக்கை எந்த நாளில் அடைத்தது என்றுகூட அவரால் சொல்ல முடியும். முதுகுவலி, ஒடிந்த பலகை, கிண்டல் எல்லாம் மறந்து, டாக்டர் சத்தம் போட்டுச் சிரித்தார். சில நிமிடங்கள் அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

அப்போது மாமனார் அவர் காதருகே கத்தினார். "நான் கட்டினா இப்படித்தான் போகும்னு சொன்னேன்ல?"

டாக்டர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

திடீரென்று எங்கும் அமைதி. படகு தானாகக் கொஞ்ச தூரம் நகர்ந்து, நின்று, மெல்ல ஆட ஆரம்பித்தது. சுற்றிலும் கரும்பச்சைத் தண்ணீர்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கரைக்குப் போய்க் கேக்கலாமே மாப்பிள்ளை."

"இந்தப் படகை யார் கட்டினது?"

மாமனார் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்ன கேள்வி இது. நாமதான்."

"நாமன்னா யாரு? நீங்க எந்தப் பலகையைப் போட்டீங்க?"

ஒரு சின்ன அலை வந்து படகை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மாமனார் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்கதான் கட்டினீங்க. நான் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். போதுமா?"

முக்குளிப்பான் பறவை ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முங்கியது. வேறு சாட்சி இல்லை. ஆனாலும் வேரோடு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய திருப்தி டாக்டருக்கு. பெரிய மனதோடு புன்னகைத்து, சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். மறுபடி 'டிக்'. கரையிலிருந்து கிளம்பும்போது பேட்டரி செத்திருந்ததும், இந்தச் சின்னச் சவாரியில் அதில் சார்ஜ் ஏறியிருக்காது என்பதும், அதனால் எஞ்சினை வழியில் நிறுத்தக் கூடாது என்பதும் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

மாமனார் கோபப்படவில்லை. பழைய அதிகாரிக் குரலில், மென்மையாக, ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"துடுப்பு?"

"அழகைக் கெடுக்கும்னு வைக்கல மாமா."

கரையில் நின்ற மனைவியைப் பார்த்து இருவரும் கையை ஆட்டினார்கள். அவளும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். டாக்டர் சட்டையைக் கழற்றி ஆட்டினார். கொண்டாட்டம் பலமாக இருக்கிறது என்று நினைத்து அவள் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறி, படகு நாணல் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

படகுத்துறையில் அன்று வாடகைக்கு இருந்தது ஒரே ஒரு படகு. மஞ்சள் நிறத்தில், வாத்து உருவத்தில், காலால் மிதித்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு. வாடகைக்காரரும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு வந்தார்கள். வாத்தின் வாலில் கயிற்றைக் கட்டி, மஹோகனிப் படகைப் பின்னால் இழுத்தார்கள். மனைவி மிதிக்கிற மிதியிலேயே எல்லாம் இருந்தது.

விடுமுறை நாள் ஆதலால் கரையில் நல்ல கூட்டம். மாமனாரின் நண்பர்களும் காற்று வாங்க வந்திருந்தார்கள். குழந்தைகள் வாத்தைப் பார்த்துக் குதித்தன. இவ்வளவு அழகான படகு யாருடையது, யார் கட்டியது என்று வெளியூர்க்காரர் ஒருவர் சத்தமாக விசாரித்தார். கரை நெருங்கியிருந்தது. மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"என் மாப்பிள்ளை கட்டினது" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "முழுக்க முழுக்க அவரேதான். நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்ல."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து வங்கி மேலாளர் முன்னால் வந்தார். இந்தத் தடவை அவர் வாயில் பஞ்சு, குழாய் எதுவும் இல்லை.

"டாக்டர், அந்த வாத்தும் நீங்க கட்டினதா?"

"இல்லீங்க" என்றாள் மனைவி, வாத்திலிருந்து இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "அதனாலதான் ஓடுது."

கயிற்றை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு அவள் காரை எடுக்கப் போனாள். டாக்டர் தண்ணீரில் இறங்கிப் படகைக் கரையோரக் கம்பத்தில் கட்டினார். பித்தளைப் பட்டையில் பாசி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒரு துடுப்பாவது வைக்கச் சொல்லித் தான் எவ்வளவோ தலையில் அடித்துக்கொண்டதாகவும், மாப்பிள்ளை கேட்கவே இல்லை என்றும் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே மாமனார் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.